சம்பல் காட்டிக்கொடுத்த ஆள்

எனக்குச் சாப்பாட்டில் அப்படியொன்றும் பெரிய ஆசை கிடையாது. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்து நான்கில் அந்த உத்தரவு வந்தது. இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களில் பதிவுச் சீட்டு இல்லாதவரை யாராவது வேலைக்கு வைத்திருந்தால், அந்த முதலாளி மேல் வழக்குப் போட வேண்டும். காரைக்காலுக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் நான் ஒருவன்தான். எந்த ஓட்டலில் கேட்டாலும், "பக்கத்துல நம்ம நெரவி ஊரு ஆளுதாங்க, வாய் பேச வராது" என்றார்கள். ஒரே மாதத்தில் நெரவிக்காரர் பதினேழு பேருக்குப் பேச்சு போயிருந்தது. ஆகவே நான் ஆளைப் பேச வைப்பதை விட்டுவிட்டு இடியாப்பம் கேட்க ஆரம்பித்தேன். யாழ்ப்பாணத்துக் கை வைத்த தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் நம்மவர்களுக்கு வராது.

சேக் பரீது ஓட்டலில் சம்பலைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூன்று தட்டு சாப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். அவசரப்பட்டு ஒருவர் மேல் வழக்குப் போடுகிறவன் அல்ல நான். அடுக்களையில், படகில் வந்த யாகப்பன் என்பவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்; சீட்டு இல்லை. ஓட்டலுக்குச் சீல் வைத்தேன். அவரை நடுத்தெருவில் விட மனம் வராமல் என் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

என் வீட்டில் சமைத்ததற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்று என் மேல் வந்த புகாரில் இருக்கிறது. உண்மைதான். கொடுத்தால் அது வேலையாகிவிடும். சீட்டில்லாதவரை வேலைக்கு வைப்பது குற்றம். சட்டத்தை நானே மீறலாமா?

பதிவு மனுவை அவர் என்னிடம்தான் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பத்து நாளில் சீட்டு வந்துவிடும். வாராவாரம் கேட்பார்: "ஐயா, என்ர மனுசியும் பிள்ளையும் மண்டபம் முகாமில நிக்கினம். சீட்டு வந்தால் போய்ப் பாத்திடுவன்."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் போய்விட்டால் வெள்ளிக்கிழமை இடியாப்பத்துக்கு நான் எங்கே போவேன்? மனுவைப் பத்திரமாக அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். பதினான்கு மாதம் அங்கேதான் இருந்தது.

என் மனைவி கமலாம்பாள் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அந்த மனுசன் அழுதுகிட்டே ஆக்குற சோறு எனக்கு எறங்கலைங்க. இன்னிக்கே கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள். அன்று நண்டுக் குழம்பு. எந்த முடிவும் எடுக்கும் நிலையில் நான் இல்லை.

அவள் போனது இரண்டு நாள் மிகவும் வேதனையாக இருந்தது. மூன்றாம் நாள் யாகப்பன் புட்டு அவித்தார்.

உங்களுக்குப் புகார் எழுதியது அவள்தான் என்று தெரியும். மனுவை மறைத்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரை வேலைக்காரராக நடத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். தினமும் அலுவலகம் புறப்படும்போது அவரை உள்ளே வைத்து இரண்டு பூட்டு போட்டுவிட்டுத்தான் போவேன். வேலைக்காரரை யார் அவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொள்வார்கள்?