சுடுகாட்டுச் சீட்டு

"மொதல்ல நம்ம ஆளுக அம்புட்டுப் பேரையும் சாகக் குடுக்கணும்லே. அப்பத்தான் நமக்குப் பலம்."

கோவில்பட்டியில் இருந்து எட்டயபுரம் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த கல்லூரி மாணவன் இப்படிச் சொன்னான். அவன் மடியில் எலும்புக்கூடும் பேயும் வரைந்த சீட்டுகள் கிடந்தன. அந்த வெளிநாட்டுச் சீட்டாட்டம் அப்போதுதான் விடுதிகளுக்கு வந்திருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து ஆடுவார்கள். அதற்குத்தான் தன் சீட்டுக்கட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"செத்தா ஆட்டம் முடிஞ்சிராதா?" என்று கேட்டான் அருகில் இருந்த நண்பன்.

"இல்லலே. செத்த சீட்டெல்லாம் சுடுகாட்டுல கெடக்கும். மத்தவனுக தங்களுக்குள்ள அடிச்சு ஓயட்டும். பெறவு ஒரே சீட்டைப் போட்டு எல்லாரையும் எழுப்பிருவேன்."

பக்கத்து வரிசையில் இருந்த ஒரு அம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, எந்திரிச்சு வருதவிய எப்படி வருவாவ?"

அவன் சிரித்தான். "புதுசா வருவாவம்மா. முன்ன பட்ட அடி ஒண்ணும் இருக்காது."

"தீக்காயமும் இருக்காதா?"

"அதுவும் இருக்காது."

"எம்மவ பட்டாசு ஆபீஸ் வேலைக்குப் போனா. வெடிச்சிருச்சுய்யா. துணியில சுத்தித்தான் குடுத்தாவ. மொகத்தைப் பாக்க விடல."

மாணவனின் சிரிப்பு நின்றுபோனது. நண்பனைப் பார்த்தான்.

"அந்த எழுப்புத சீட்டைக் காட்டுய்யா."

அவன் சீட்டுக்கட்டில் தேடி எடுத்துக் கொடுத்தான். குழிகளில் இருந்து கூட்டமாக எழுந்து வருகிறவர்களின் படம் அது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இதுலயும் ஒருத்தருக்கும் மொகம் இல்லையேய்யா."