மீன் பொரிகிற சத்தம்

அந்த டேப்லெட்டை ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள், மேடம். சூடேறினால் ஒலி திக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் நீங்கள் கேட்கப்போவது எதுவும் சரியாக இருக்காது. குறை என் வேலையில்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அந்தப் பதினாறு கட்டங்களைப் பற்றித்தானே கேட்டீர்கள். அது ஒரு சாதாரண செயலி. திரையில் நாலுக்கு நாலாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஒலியை வைத்துக்கொள்ளலாம், முரசோ மணியோ எதுவோ. விரலால் தொட்டால் ஒலிக்கும். இந்த டார்வின் ஊரில் என் வயதுக்காரர்கள் ஓய்வுபெற்றதும் படகு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கப் போய்விடுவார்கள். ஏசி மெக்கானிக்காக ஊரார் கூரையெல்லாம் ஏறி இறங்கியவன் நான். எனக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலைதான் வேண்டியிருந்தது. ஒலியை வளைத்து இசையாக்குகிற சிந்தசைசர் செயலிகளை ஒவ்வொன்றாக நானே கற்றுக்கொண்டேன். எனக்கு ஒரு விசிலடிக்கக்கூட வராது. என் மனைவி செவஸ்திதான் பாடுவாள்.

அவள் குரலை நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்த விசாரணையே வேறு மாதிரி போயிருக்கும். அவளுடைய ஒரு 'ஆ'வை எடுத்துச் செயலியில் போட்டு இழுத்தால் போதும், தேவாலயம் நிறைய ஆட்கள் நின்று பாடுகிற மாதிரி ஆகிவிடும். மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடப்போம். தகரக் கூரையில் மழை கொட்டும். அவள் பாடுவாள், நான் பதிவு செய்வேன். பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்துவிடுவேன். பிறகு மறக்காமலேயே நிறுத்தாமல் விட்டேன். அவள் தங்கை நோமிகியுடன் போனில் அரட்டை அடிப்பாள், சிரிப்பாள், என்னைத் திட்டுவாள். எல்லாம் டேப்லெட்டில் ஏறியது. நல்ல ஒலி எங்கே கிடைத்தாலும் எடுத்து வைப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

ஞாயிறு காலைச் சந்தையில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்து எங்கள் பாட்டுகளை வாசிப்போம். மே மாதத்தில் ஒரு நாள் புதுப் பாட்டு ஒன்றைப் போட்டேன். நடுவில் ஒரு புல்லாங்குழல் வரும். தேங்காய் விற்கிற ஆள்கூடத் திரும்பிப் பார்த்தான். செவஸ்தி மட்டும் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது புல்லாங்குழல் இல்ல, சாக்கி. அது நான்."

"ஆமா."

"அம்மா செத்த அன்னிக்கு நான் பாத்ரூம்ல உக்காந்து அழுதது."

"ரெண்டு சுதி ஏத்தியிருக்கேன். நல்லா வந்திருக்கில்ல?" என்றேன். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது.

அன்றைக்குப் பிறகு அவள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுப் போன் பேசினாள். ஜூலையில் பெட்டியைக் கட்டினாள். அடிலெய்டில் நோமிகி வீட்டுக்குப் போகிறாளாம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "எனக்கு என் வாய் திரும்ப வேணும். நீ என்னப் பொறுக்கிப் பொறுக்கி வச்சுக்கிறே. மிச்சம் இருக்கிற கொஞ்சத்த எடுத்துக்கிட்டு நான் போறேன்," என்றாள்.

நான் பயந்துபோனேன், மேடம். அதை மறைக்க ஒன்றுமில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுவதைத் தவிர வேறு சத்தமே இருக்காது.

எங்கள் வீடு தூண்கள்மேல் நிற்கிற பழைய வீடு; வாசலுக்குப் பன்னிரண்டு படிகள். அவள் பின்பக்கமாக இறங்கியபடி பெட்டியை இழுத்தாள். மேலே நான் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். "விடு சாக்கி," என்றாள். மறுபடியும், "விடுன்னா விடு." விட்டேன். அவள் சொன்னதைத்தான் செய்தேன்.

கீழே போய்ப் பார்த்தபோது இடுப்பெலும்பு நகர்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னாள். நானும் போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் யோசித்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் அடுத்த விமானத்தில் நோமிகி. நோமிகி வந்தால் அடிலெய்டு. அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் படுக்க வைத்தேன். ஜன்னல்களைச் சாத்தி, ஏசியை வேகமாக வைத்தேன். அதைப் பொருத்தியவனே நான்தான். அது ஓடினால் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கேட்காது. வலி மாத்திரை வீட்டில் நிறைய இருந்தது. கொஞ்ச நாளில் எலும்பு தானாகக் கூடிவிடும், கோபமும் தணிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

'மனசு மாறிவிட்டது, வரவில்லை' என்று அவள் போனிலிருந்து தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். நோமிகி விடுகிற ஆளா? அடுத்த நிமிஷமே கூப்பிட்டு, எடுக்காததால் குரல் செய்தி விட்டாள்: "எழுதினதெல்லாம் செல்லாதுக்கா. உன் வாயால சொல்லு. இல்லன்னா அத்தான் காதத் திருக நானே கிளம்பி வரேன்."

அன்று மாலையே கட்டங்களை நிரப்பினேன். மழைக்காலத்துப் பதிவுகளில் எல்லாமே இருந்தன. 'நல்லாத்தான் இருக்கேன்டி.' 'ஆமா.' 'ஐயோ, அத விடு.' 'அப்புறம் பேசறேன், அடுப்புல வேலை இருக்கு.' சிரிப்பை மட்டும் மூன்று விதமாக மூன்று கட்டங்களில் வைத்தேன். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும். முரசுக்கும் அப்படித்தான் செய்வோம். டேப்லெட்டிலிருந்து போனுக்கு நேராக ஒரு வயர் போட்டேன்.

முதல் நாள் நோமிகி பத்து நிமிஷம் பேசினாள். என்னைக் கருமி என்றாள், முசுடு என்றாள், "அந்தக் கிழவன் எப்படித்தான் உன்ன மயக்கினான்?" என்றாள். இரண்டாவது சிரிப்பைத் தொட்டேன். அவளும் சிரித்தாள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, மேடம். ஒவ்வொரு சொல்லும் செவஸ்தி அவள் வாயாலேயே, அவளுடைய சொந்தத் தங்கையிடமே சொன்னது. நான் வரிசையை மட்டும் மாற்றினேன்.

பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் மெல்லிய பலகைச் சுவர்தான். போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் நன்றாக இருப்பதாகத் தானே சொல்வதைக் கேட்டிருக்கிறாள். அதுவரை முனகிக்கொண்டிருந்தவள் அன்றோடு முனகுவதையும் நிறுத்திவிட்டாள். காய்ச்சல் கொதித்தது, உதடு வெடித்தது. ஒரு சத்தம்கூட வெளியே வரவில்லை. என்னைப் பழிவாங்கத்தான் அப்படிச் செய்தாள். நான் கெஞ்சினேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிடித்தது அடிபட்ட கால் என்பது பிறகுதான் நினைவு வந்தது. அதற்கும் அவள் கத்தவில்லை.

தண்ணீர் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, அடித்துவிடுங்கள். தண்ணீர் குடித்தால்தான் குரல் தெளியும். அதனால் எப்போதும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் மைக்.

வியாழக்கிழமை நோமிகி மறுபடி கூப்பிட்டாள். பேச்சு நடுவில், "இரு இரு, என்னக்கா அது பின்னாடி? மழையா?" என்றாள்.

நான் எதையும் தொடவில்லை.

"ஜூலைல டார்வின்ல மழையா? என்ன, அடிலெய்டுல பொறந்தவன்னு நெனச்சியா? நானும் டார்வின்ல வளந்தவதான்."

மூன்றாவது சிரிப்பைத் தொட்டேன். அதிலும் மழை இருந்தது. 'அப்புறம் பேசறேன்' என்பதைத் தொட்டு இணைப்பைத் துண்டித்தேன். மழையை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முயன்று பார்த்தேன். மழையின் இரைச்சலும் அவள் 'ஸ', 'ஷ' சொல்லும்போது வருகிற காற்றும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. மழையை எடுத்தால் அவளுக்குப் பல் கொட்டிப்போன மாதிரி ஆகிவிடுகிறது. அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் செவஸ்தியிடமே போனேன். மழைச் சத்தத்தைப் பற்றி நோமிகி கேட்கிறாள், ஒரு பதில் வேண்டும் என்றேன். நீ பேசாவிட்டால் நான் தொலைந்தேன் என்றேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை அசைத்து மைக்கைக் காட்டினாள். தண்ணீர் கொடுத்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மழை இல்லடி, நோமிகி. மீன் பொரியுது," என்றாள்.

எவ்வளவு பொருத்தம் பாருங்கள். எண்ணெயில் மீன் பொரிகிற சத்தமும் தகரத்தில் மழை விழுகிற சத்தமும் ஒன்றுதான். எனக்குத் தோன்றவே இல்லை. நான் அவள் நெற்றியில் முத்தமிட்டேன். அவள் தடுக்கவில்லை. "சீக்கிரம் போட்டுக் காட்டு," என்று மட்டும் சொன்னாள்.

சீக்கிரம் போட்டிருக்கலாம்தான். அன்று இரவும் சனிக்கிழமையும் நோமிகி கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் பதிவில் ஏசி இரைச்சல் கலந்திருந்தது. அதைக் குறைத்து, அடியில் பழைய மழையைக் கொஞ்சம் சேர்த்தேன், மற்றக் கட்டங்களோடு ஒட்ட வேண்டுமே. 'பொரியுது' என்பதன் கடைசியில் மூச்சு வாங்கியிருந்தது, அதை வெட்டினேன். வெட்டினால் குரல் வறண்டுபோயிற்று, திரும்ப ஒட்டினேன். இரண்டு நாளும் நான் வேறெதற்கும் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து சுவரைத் தட்டினாள். சத்தம் போடாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை மாலைக்கு மேல் தட்டவில்லை.

ஞாயிறு காலை காபி கொண்டுபோனேன். காபி குடிக்கிற நிலையில் அவள் இல்லை. அவள் கண்களை மூடிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். பிறகு கூடத்துக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் டேப்லெட் முன்னால் உட்கார்ந்தேன். போன் அடித்தது.

ஆமாம், மேடம். அவள் இறந்துவிட்டது தெரிந்துதான் எடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அக்கா, இப்ப எடுக்கலன்னா நான் பிளேன் ஏறியிருப்பேன். சொல்லு, அன்னிக்கு என்ன சத்தம் அது?"

பதினாறாவது கட்டத்தைத் தொட்டேன். 'மழை இல்லடி, நோமிகி. மீன் பொரியுது.'

நோமிகி, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில், "சரிக்கா. பொரியட்டும். அடுப்ப அணைச்சுடாத," என்று சொல்லி வைத்துவிட்டாள். நம்பிவிட்டாள் என்று பெருமூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் படியேறி வந்தீர்கள்.

இன்று காலையில்தான் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அவர்கள் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும்போதெல்லாம், இந்த இரண்டு பெண்களில் ஒருத்தி தெருமுனையிலிருந்த சித்தி வீட்டுக்கு ஓடிப்போய் 'மீன் பொரியுது' என்று மட்டும் சொல்வாளாம். சித்தி ஆட்களோடு ஓடி வருவாளாம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் இதை என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் அதைச் சொன்னாள் என்கிறீர்கள். நீங்கள் காகிதத்தில் படித்துவிட்டுச் சொல்கிறீர்கள். டேப்லெட் இப்போது ஆறியிருக்கும். கீழ் வரிசையில் கடைசிக் கட்டம், தொட்டுப் பாருங்கள். ஒரு சொல்லைச் சரியாக வாங்க அவளை எத்தனை தடவை பாட வைத்திருக்கிறேன் தெரியுமா? இதை முதல் தடவையிலேயே, பிசிறில்லாமல் கொடுத்தாள். என்மேல் அன்பு இல்லாதவளுக்கு அப்படி வருமா, மேடம்?