பேச்சில்லா அழைப்பு

டியூப்லைட்டை அணைத்ததற்கு நன்றி. எட்டு வருடம் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தேன். என் தலைக்கு நேர் மேலே எரிந்த விளக்கை அணைக்கச் சொல்லி நான் கெஞ்சாத ஆள் இல்லை. இங்கே ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்து லேசாகக் கண்ணைச் சுருக்கினேன், நீங்களே எழுந்து போய் அணைத்துவிட்டீர்கள். குற்றவாளி ஆனால்தான் மரியாதை கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒற்றைத் தலைவலி என்றால் என்னவென்று நிறையப் பேருக்கு விளக்கிவிட்டேன். வாய் வலித்ததுதான் மிச்சம். இடது கண்ணின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் வரும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து மண்டைக்குள் யாரோ ஆணி அடிக்க ஆரம்பிப்பார்கள். வெளிச்சம் ஆகாது, வாசனை ஆகாது, சத்தம் ஆகவே ஆகாது. என் வேலையோ அவசர உதவி எண்ணில் போன் எடுப்பது. ஊரில் இருக்கிறவர்கள் கத்துவதையெல்லாம் காதுக்குள் வாங்கிக்கொள்வதற்குச் சம்பளம்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். என் கணவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து தேடுகிறார், பாவம், அது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ. மாமியாரின் மருந்து, மகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் என் பொறுப்பு. வேலை போனால் நாங்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் தண்ணிலாரி. யாருக்கு என்ன நோய் வந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்.

"தண்ணி நெறைய குடிம்மா. தலைவலி யாருக்குத்தான் வரல? என் வீட்டுக்காரிக்குக்கூட வரும். ஒரு காபி குடிச்சா எந்திரிச்சு ஓடிருவா."

"ஹெட்செட்ல சத்தத்தையாவது கொஞ்சம் குறைச்சுக் குடுங்க சார்."

"குறைச்சா அவங்க பேசறது உனக்கு எப்படிக் கேக்கும்? ஏற்கெனவே லீவெல்லாம் தீத்துட்ட. இன்னொரு நாள் வரலேன்னா நான் மேல எழுதி அனுப்பிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஒரு லாரியிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

நானே கவனித்துத்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நிஜமாகவே ஆபத்தில் இருப்பவர்கள் கத்த மாட்டார்கள். மெஷினில் கை போன ஒருவர், கடையில் டீ சொல்வதுபோல முகவரி சொன்னார். கத்துகிறவர்களுக்கோ கால் சுளுக்கியிருக்கும், பக்கத்து வீட்டோடு சண்டையாக இருக்கும். ஒருத்தி பல்லிக்குக் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு மறுநாள்வரை நான் எதுவும் சாப்பிடவில்லை. அவளும் பல்லியும் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள்.

எங்கள் திரையில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ், கடைசியில் பேச்சில்லா அழைப்பு. குழந்தைகள் போனை வைத்து விளையாடும்போது வருமே, அதற்கு. அழுத்தினால் உடனே இணைப்பு அறுந்துவிடும். அந்தப் பதிவுகளை யாரும் போட்டுக் கேட்பதில்லை, கேட்க அதில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு பெரியவரின் அலறல். எனக்கு மண்டை பிளந்துகொண்டிருந்தது, கடைசிப் பொத்தானை அழுத்தினேன். உடனே பக்கத்து மேசைப் பெண், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருபவள், "சொல்லுங்கய்யா, எந்தத் தெரு?" என்று கேட்பது காதில் விழுந்தது. மறுபடி கூப்பிட்டிருக்கிறார், காலியாக இருந்த மேசைக்குப் போயிருக்கிறது. சின்னப் பெண், நல்ல காது, தாங்குவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

அதன் பிறகு வலி இருந்த நாட்களில் அழுத்தினேன். வலி வரும்போல இருந்த நாட்களிலும் அழுத்தினேன். அப்புறம் வலி இல்லாத நாட்களிலும், அதை வரவழைத்துக்கொள்வானேன் என்று. லீவு போடவே இல்லை. வருடக் கடைசியில், அழைப்புகளை மிகச் சீக்கிரம் முடிப்பவள் என்று எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். "பாத்தியா, தண்ணி குடிக்க ஆரம்பிச்சதும் எப்படி ஆயிட்டே!" என்றார் தண்ணிலாரி.

அந்த மதியத்துக்கு வருகிறேன். கேட்கவில்லை என்று நான் சொல்லலாம், பொய் எதற்கு? "கொழந்த மூச்சு விடல" என்று அந்தப் பெண் கத்தியது தெளிவாகவே கேட்டது. அழுத்தினேன். பக்கத்து மேசைக்குப் போகும் என்று நினைத்தேன். அவள் சாப்பிடப் போயிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் முடிப்பவளின் மேசைதானே எப்போதும் காலியாக இருக்கும், அதனால் மறுபடி எனக்கே வந்தது. அழுத்தினேன். மறுபடியும் வந்தது, முன்னைவிடச் சத்தமாக. கத்தினால் காரியம் நடக்கும் என்று பழகிப்போன ஜனம். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இந்தப் பதிவை நீங்கள் கேட்டபோது நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. உங்களுக்குத் தலைவலிகூட இல்லை.

நான் பேச்சில்லா அழைப்பு என்று போட்டதையெல்லாம் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்கிறார்களாம், இன்னும் முடியவில்லையாம். நிதானமாகக் கேட்கட்டும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

அதே எண்ணிலிருந்து கடைசியாக ஒரு முறை வந்தது. பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"நான்தாங்க, முன்னாடி கூப்பிட்டேன்ல. இனிமே வண்டி வேணாங்க. வேற யாருக்காச்சும் அனுப்புங்க."

எவ்வளவு தணிந்த குரல். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. பெயர் கேட்டேன், முகவரியைப் பிழையில்லாமல் பதிந்துகொண்டேன், வேறு ஏதாவது உதவி வேண்டுமா அம்மா என்றுகூடக் கேட்டேன். அந்த அழைப்பைப் போட்டுக் கேளுங்கள், என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. முதல் தடவையே அவள் இப்படிப் பேசியிருந்தால் நான் வண்டி அனுப்பியிருப்பேன்.