படைத்த பழமும் புதுச் சீப்பும்

“கூடைக்கு விபூதிகூடப் பூசிட்டேண்ணே, பூஞ்சணம் நிக்கல.”

பாடாங் செராயிலிருந்து கூலிம் போகும் பஸ்ஸில் பழக்கடை அக்கா ஒருவர் இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் வாழைத் தோட்டத்தில் பழம் கழுவி அடுக்குபவர்.

“சீப்ப வெட்டின இடத்தக் கழுவிக் காய வைக்கிறீங்களா?”

“வைக்கிறேன்லா. கோயிலுக்குக் கொடுக்கிற பழம் இந்த வெள்ளிக்கிழமையும் கறுத்துப்போனா, வேற கடைக்குச் சொல்லிருவாங்க.”

“கூடையில வேற என்ன இருக்கு?”

“கடையில சிவனுக்குப் படைச்ச பழம். அழுகினாலும் குப்பையில போட மனசு வருமா?”

பின் சீட்டில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் வராது.

“அதுலேர்ந்துதான் புதுச் சீப்புக்குப் பூஞ்சணம் ஒட்டுது. அத மாட்டுக்குக் கொடுத்துட்டு, கூடையக் கழுவி வெயில்ல காய வைங்க.”



“மாடு தின்னா சிவன் கோவிச்சுக்க மாட்டாரே?”

“அவரு ஏறி வர்றதே மாட்டு மேலதானேக்கா.”