நீர்த்த அமிலம் என்று எழுதிய பாட்டில்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பவைதான். வயது நாற்பத்திரண்டு. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர், மாமியார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி ஆகியோருடன் ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். அமிலம் பட்டு மருத்துவமனையில் இருப்பவள் அந்தக் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி. அவளும் அதே பள்ளியில் அதே பாடம் நடத்துகிறாள். அவளுக்கு வேலை கொடுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்டதே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நான் சொன்னது வாக்குமூலத்தில் தேவையில்லை என்றார் காவல் ஆய்வாளர். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன்.

அவள் சேர்ந்த பிறகு பிள்ளைகள் என் வகுப்பில் கொட்டாவி விடத் தொடங்கினார்கள். உலோகங்களின் வினைத்திறன் வரிசையை நான் பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வேன். அவள் அதைப் பஸ் கதையாக்கினாள். "செம்பு சீட்ல உக்காந்திருக்கு. இரும்பு ஏறுது. இரும்புக்குத் தெம்பு ஜாஸ்தி. செம்பை எழுப்பி விட்டுட்டு அது உக்காந்துக்குது. இடப்பெயர்ச்சின்னா அவ்ளோதான்" என்று அவள் சொல்ல, வகுப்பே சிரித்தது. பக்கத்து அறையில் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் எனக்கு 'ஆசிட் டீச்சர்' என்று பெயர் வைத்திருப்பதும், அது பாடத்துக்காக வைத்த பெயர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு, மாமியாரின் பீரோ சாவி கறுத்துப்போயிருந்ததைப் பார்த்து, ஓரகத்தி ஒரு கண்ணாடி டம்ளரில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, பேட்டரியின் நேர்முனையில் செம்புத் தகட்டையும் எதிர்முனையில் சாவியையும் மாட்டி, சாவிக்குச் செம்பு முலாம் பூசிக் கொடுத்தாள். மின்னாற்பகுப்பு என்று நான் வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிற அதே பாடம்தான். மாமியார் அதைப் பால்காரரிடம்கூடக் காட்டினார். "சின்னவ கை பட்டா எல்லாம் பளபளன்னு ஆயிடுது" என்றார். அதன் பிறகு சாவியை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சாவி ஒரு நாளும் என் கைக்கு வந்ததில்லை.

அதன் பிறகு பெற்றோர் தினம் வந்தது. அன்றைக்குச் சோதனை செய்து காட்டுவது எப்போதும் நான்தான். இந்த முறை தலைமை ஆசிரியர், "சின்ன டீச்சர் செய்யட்டும், நீங்க பின்னாடி உக்காந்து ரெஸ்ட் எடுங்க" என்றார். அன்று காலை நான் ஆய்வகத்துக்குப் போய், நீர்த்த கந்தக அமில பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அதில் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். தண்ணீரில் துத்தநாகத்தைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழி வராது, தீக்குச்சியைக் காட்டினால் 'டப்' என்று சத்தம் வராது. நாலு பேர் முன்னால் அவள் முகம் சுண்டிப்போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அதன்படியே டெஸ்ட் டியூபில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தகப்பனார், "உங்க துத்தநாகம் இன்னும் தூங்குது போல மிஸ்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது. அதன் பிறகு அவள் பதற்றத்தில் அலமாரியிலிருந்து அடர் கந்தக அமிலத்தை எடுத்தாள். சொட்டுச் சொட்டாக விட வேண்டியதை அந்தப் பதற்றத்தில் மளமளவென்று ஊற்றப்போகிறாள் என்று அவள் பாட்டிலைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. அவள் மூடியைத் திறக்கும் வரை நேரம் இருந்தது. "ஊத்தாதே" என்று ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. பயத்தில் வாயடைத்துப் போனதாக வீட்டில் சொன்னது பொய்; நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூபில் இருந்த தண்ணீரும் அமிலமும் சேர்ந்து கொதித்து அவள் கையிலும் கழுத்திலும் தெறித்தது. அதன் பிறகு ஓடிப்போய் அவளைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டதும் நான்தான். அதற்காக என்னை எல்லோரும் பாராட்டினார்கள்.

அதன் பிறகு மருத்துவமனையில் நாங்கள் தனியாக இருந்தபோது அவள், "ஒரு குமிழிகூட வரலைன்னா அது தண்ணிதான்க்கா. காலையில நீங்கதான் லேப்புக்குப் போனீங்க. விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி, கட்டுப் போடாத கையால் என் கையைப் பிடித்தாள். வெளியே வந்தால் மாமியார், "தப்பு என்னோடதுதான்னு சொல்றா பாரு. அந்த மனசு யாருக்கு வரும்?" என்று என்னிடமே கேட்டார்.

"கை தவறிடுச்சுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. கேஸ் முடிஞ்ச மாதிரிதான். நீங்க ஏம்மா வந்து மாட்டிக்கிறீங்க? மனசாட்சி உறுத்துதா?" என்று ஆய்வாளர் கேட்டார். உறுத்துகிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை போய்விடும், வீட்டில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்பது தெரியும். பிள்ளைகள் அவளிடம் போனார்கள், மேடை போனது, மாமியார் போனார். செய்த குற்றமாவது என்னுடையது என்றிருந்தேன். அதையும் அவள் தன் பெயரில் எழுதிக்கொண்டாள். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் வந்தேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. அத்தனையும் உண்மை, செய்தது நான் ஒருத்திதான்.

(கையொப்பம்)