சத்தம் வராத கிட்டார்

வட்டகொடை ஸ்டேஷனில் ரயில் தாமதம். பக்கத்து பெஞ்சில், நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வாசிக்கும் ஒருவர் தன் பழைய எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரையும் அதற்கான ஸ்பீக்கர் பெட்டியையும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரரிடம் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிட்டார் மட்டும் போதுங்க. பெட்டி வேணாம்.”

“பெட்டி இல்லாட்டி இதுல சத்தமே வராதுங்களே.”

“சத்தம் வராததாத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“எங்க லயத்துல வரிசையா ஒட்டிக் கட்டுன வீட்டுக் காம்பராவுக்கு நடுவுல இருக்கிற சுவரு கூரை வரைக்கும் இல்லைங்க. நான் இருமுனா, நாலாவது காம்பராவுல இருந்து ‘சுடுதண்ணி குடிங்க’ன்னு சொல்றாங்க. போன வருஷம் சாதா கிட்டார் ஒண்ணு வாங்குனேன். விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறவங்க தூங்க வேணாமா? எல்லாரும் சண்டைக்கு வந்துட்டாங்க. வித்துட்டேன்.”

ஹோட்டல்காரர் உறையைக் கழற்றிக் கொடுத்தார். தோட்டத்துக்காரர் கிட்டாரின் மரத்தில் காதை ஒட்டவைத்து, தடித்த கம்பியை மெல்லச் சுண்டினார்.

“கேக்குதுங்களா?” என்றார் ஹோட்டல்காரர்.

“நல்லாக் கேக்குது. உங்களுக்கு?”

“இல்லைங்க.”

தோட்டத்துக்காரர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“அந்தா இருக்காரே, அவருக்கும் ஒண்ணும் கேக்கலை. கட்டிக் குடுங்க.”

நான் அவசரமாகப் பேப்பரை விரித்துக்கொண்டேன்.