சிவப்புப் பொட்டு வெச்ச டார்ச்

– சமையலறை டார்ச்சைக் காணோமே... பாத்தீங்களா?

– எந்த டார்ச்?

– நம்ம வீட்டுல என்ன பத்து டார்ச்சா இருக்கு? கரன்ட் போனா எடுப்போமே... அந்தக் கறுப்பு.

– பட்டப்பகல்ல டார்ச் எதுக்கும்மா? ஆபீஸ் போனவ ஒம்பது மணிக்கே ஓடி வந்து நிக்கிறே... உங்க விமான ஆணையத்துலயும் கரன்ட் இல்லையா?

– சிரிக்காதீங்க. காலைல ஏழு மணிக்கு எங்க ஆபீசுக்கு ஒரு போன். நீங்க பழுது பாக்குற ஹேங்கர் கொட்டகைல நேத்து வேலை முடிஞ்ச விமானத்துக்குள்ள ஏதோ சாமானை விட்டுட்டாங்க, பறக்க விடாதீங்கன்னு.

– ஓ... யாராம்?

– பேர் சொல்லல. எங்க இன்ஸ்பெக்டர் அடிச்சுப் பிடிச்சுப் போனார்.

– போயி...?

– நீங்கள்லாம் டூல்ஸ் மாட்டுற பலகையை எண்ணினார். முப்பத்தோரு கொக்கி, முப்பத்தோரு சாமான். எவனோ வேலையத்தவன் பண்ணின போன்னு ஃபைலை மூடியாச்சு. பத்து மணிக்கு விமானம் கிளம்புது.

– என்னது! உள்ள திறந்து தேடலையா?

– பலகைதான் நிறைஞ்சிருக்கே. எதைத் தேடுறது?

– அதெப்படி... ஒருத்தன் மெனக்கெட்டுச் சொல்லியிருக்கான்! எங்க கையெழுத்து இல்லாம எதுவும் பறக்காதுன்னு பீத்திக்குவியே!

– கத்தாதீங்க. இதைப் பாருங்க. இன்ஸ்பெக்டர் எடுத்த போட்டோ. கடைசிக் கொக்கி.

– ...டார்ச்.

– நம்பர் ஸ்டிக்கர் புதுசு. சுவிட்ச் பக்கத்துல சிவப்பா ஒரு பொட்டு. ஆன் பண்ற பக்கம் தெரியட்டும்னு என் நகப்பூச்சால நான் வெச்ச பொட்டுங்க அது! பார்த்ததும் ஓடி வந்தேன். நம்ம டார்ச் இங்கேயே இருந்துடக் கூடாதான்னு வந்ததும் வராததுமா தேடுறேன்...

– ஐயோ...

– ஏங்க இப்படிப் பண்ணினீங்க?

– நேத்து ஷிஃப்ட் முடிஞ்சு எண்ணினா முப்பதுதான், டார்ச் இல்ல. விமானத்தை மூடிக் கையெழுத்தும் போட்டாச்சு. வீட்டு டார்ச் அச்சு அசல் அதே மாதிரி... பத்து நிமிஷத்துல வந்து எடுத்துட்டுப் போய் நம்பர் ஒட்டி மாட்டிட்டேன். லைசென்ஸ் போயிடும்மா. பதினாறு வருஷம்...

– அப்புறம் எதுக்குப் போன் பண்ணினீங்க?

– நா... நான்னு யார் சொன்னா?

– சொல்லுங்க.

– பயம் பிடிச்சுக்கிச்சும்மா. அது உருண்டு போய்ச் சிக்கிக்கிட்டா... நூத்தம்பது பேர். போன் பண்ணினா எப்படியும் தேடுவாங்க, என் பேரும் வெளிய வராதுன்னு...

– நீங்க மாட்டின டார்ச்சே உங்க போனைப் பொய்யாக்கிடுச்சு.

– மணி என்ன?

– ஒம்பது இருபது. எங்க விட்டீங்க?

– வாலுக்குள்ள. இடது பக்க மூடியைக் கழட்டினா வாலை அசைக்கிற கம்பிகள் ஓடுமே... அங்கதான். போனைக் கொடு, உங்க டைரக்டர்கிட்ட நானே பேர் சொல்லிப் பேசுறேன்.

– இந்தாங்க... ரிங் போகுது.

– இங்க பாரு, நீ இதுல வராதே. போட்டோவை நீ பார்க்கல, வீட்டுக்கும் வரல. உனக்கு ஒண்ணுமே தெரியாது. சரியா?

– என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. எங்க ஆபீசுக்கு வர்ற போனெல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு அறிக்கை எழுதினது நான்தான்... குரல் யாருடையதுன்னு தெரியலைன்னு பொய் எழுதி, கையெழுத்தும் போட்டுட்டேன்.